முகாமில் பிறந்த மாப்பிள்ளைக்குக் குடியுரிமை கிடைக்குமா? எந்தக் காகிதத்தை முதலில் தேடுவது?

கேள்வி இதுதான்: மார்த்தாண்டம் பக்கம் ஒரு குடும்பம். பெண் நர்சிங் முடித்தவர். மாப்பிள்ளை 1998-ல் இதே குமரி மாவட்டத்தில், இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்தவர். டிப்ளமோ படித்துவிட்டுப் பெயிண்டிங் வேலைக்குப் போகிறார். ஆதார் இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது. அவருக்கு இந்தியக் குடியுரிமை கிடைக்குமா, பாஸ்போர்ட் எடுக்கலாமா, பிறக்கப்போகும் பிள்ளைகள் எந்த நாட்டவர், வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன் என்று பணம் கேட்கும் ஏஜெண்டை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, "அமெரிக்காவில் சுவர் கட்டுகிறார்கள், வங்கதேச எல்லையில் வேலி போட்டிருக்கிறார்கள். நமக்குக் கடல் மட்டும்தானே, இங்கேயே பிறந்த பையனுக்கு என்ன தடை?" என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், மற்றவற்றுக்கான பதிலும் அதில்தான் இருக்கிறது. அந்தப் பையனைத் தடுப்பவை இரண்டு தேதிகள்: 1987 ஜூலை 1, 2004 டிசம்பர் 3. குடியுரிமைச் சட்டம் 1955-ல் வந்தபோது இந்திய மண்ணில் பிறந்தாலே இந்தியர். அசாமில் வங்கதேசக் குடியேற்றத்துக்கு எதிரான போராட்டம் நடந்து, 1985-ல் அசாம் ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டது. 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்குத் தாய், தந்தையில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2003-ல் மறுபடியும் திருத்தினார்கள். அது 2004 டிசம்பர் 3 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் பிறந்தவர்களுக்கு இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' (உரிய ஆவணமின்றி இந்தியாவுக்குள் நுழைந்த வெளிநாட்டவர்) அல்லாதவராகவும் இருக்க வேண்டும். பிரம்மபுத்திரா கரையின் அரசியலுக்காகப் போட்ட வேலி, ராமேஸ்வரத்தில் படகிலிருந்து இறங்கிய குடும்பங்களின் மேலும் வந்து விழுந்தது. பெருமாள்புரம், பழவிளை, ஞாறான்விளை, கோழிவிளை முகாம்களில் இரண்டாவது, மூன்றாவது தலைமுறை வளர்கிறது. அவர்களில் பெரும்பாலானோர் இந்தத் தேதிகளுக்குப் பின்னால் பிறந்தவர்கள்.

1998-ல் பிறந்தவர் நடுப் பிரிவில் வருகிறார். ஆகவே கேட்க வேண்டிய ஒரே கேள்வி: அவர் பிறந்த அன்று அவருடைய அப்பாவோ அம்மாவோ சட்டப்படி இந்தியராக இருந்தார்களா?

"இருவரும் இலங்கையிலிருந்து வந்தவர்கள்தானே, இதில் கேட்க என்ன இருக்கிறது" என்று தள்ளிவிடாதீர்கள். பல குடும்பங்கள் கோட்டைவிடும் இடம் இதுதான். முகாம் பதிவில் சொந்த ஊர் வவுனியா என்றோ கிளிநொச்சி என்றோ எழுதியிருக்கும். ஆனால் 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வன்னிக்கு இடம்பெயர்ந்த குடும்பங்கள் ஏராளம். அவர்களுடைய முன்னோர் திருநெல்வேலி, மதுரை, திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்கள். 1948-ல் இலங்கை குடியுரிமைச் சட்டம் கொண்டு வந்தபோது அவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவானது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்கு 75,000 என்று பிரித்தார்கள். அந்த மக்களைக் கேட்டுச் செய்த காரியம் அல்ல அது. அந்த அநியாயம் இன்றுவரை தொடர்கிறது.

அப்போது கண்டியிலிருந்த இந்தியத் துணைத் தூதரகம் மனு வாங்கி, குடியுரிமை கொடுத்து, இந்தியப் பாஸ்போர்ட் வழங்கியது. வாங்கியவர்களில் பலர் உடனே கப்பல் ஏறவில்லை. சேமநலநிதி கைக்கு வரவில்லை, வீட்டில் கிழவி படுத்திருக்கிறாள் என்று ஆயிரம் காரணம். 1984-ல் தலைமன்னார்–ராமேஸ்வரம் கப்பல் நின்றது. பின்னால் போர் முற்றி, அதே ஆட்கள் படகில் வந்து 'அகதி' என்று பதிவானார்கள். சரியான நேரத்தில் கப்பலில் வந்த உறவினர் 'தாயகம் திரும்பியோர்' ஆனார். அப்படிப்பட்ட குடும்பங்களை நம் மாவட்டத்து அரசு ரப்பர் தோட்டங்களில் இன்றும் பார்க்கலாம். ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகளில் ஒருவருக்கு வாக்காளர் அட்டை, இன்னொருவருக்கு முகாம் அட்டை.

ஆகவே முதல் வேலை, பையனின் பெற்றோரிடம் உட்கார்ந்து பேசுவது. தாத்தா, பாட்டி எந்தத் தோட்டம், எந்த லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு)? கண்டிக்குப் போய் மனுப் போட்டார்களா? பாஸ்போர்ட்டோ, பிள்ளைகள் பெயரும் சேர்த்து எழுதிய குடும்ப அட்டையோ வந்ததா? தாத்தாவின் பாஸ்போர்ட்டில் பையனின் அப்பா அல்லது அம்மா சிறு பிள்ளையாகச் சேர்க்கப்பட்டிருக்கலாம். அந்தப் பக்கம் கிடைத்தால் விஷயமே மாறிவிடும். பெட்டிக்கடியில் கரையான் தின்ற பாதிப் பக்கமானாலும் எண்ணும் தேதியும் முத்திரையும் தெரிந்தால் போதும், தேடச் சொல்லி விண்ணப்பிக்கலாம். லேமினேட் செய்துவிடாதீர்கள், முத்திரையைச் சோதிக்க முடியாமல் போகும். இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுத்துவிட்டு அப்படியே உறையில் போட்டு வையுங்கள்.

பெற்றோர் பின்னாளில் இலங்கைக் குடியுரிமை வாங்கியிருந்தால் என்ன ஆகும்? 2003-ல் இலங்கை, இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் போட்டது. அதன்படி வாங்கியிருந்தால் அவர்களுடைய இந்தியக் குடியுரிமை அன்றோடு போகும். ஆனால் சட்டம் பார்ப்பது பிள்ளை பிறந்த நேரத்தை. 1998-ல் இந்தியராக இருந்தார்கள் என்று காட்ட முடிந்தால் போதும். இதே காரணத்துக்காகத்தான், இந்தத் தேடலை முடிக்கும் முன் பையன் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்துக்குப் போய்த் தனக்குக் குடியுரிமைப் பதிவு கேட்க வேண்டாம் என்கிறேன். தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை முடிந்துவிடும். இல்லாததைத் தேடி, இருப்பதை இழக்கக் கூடாது.

பையனின் அண்ணன், அக்கா யாராவது 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால் அவர்களுக்கு இந்தத் தேடலே தேவையில்லை, பிறந்த மண்ணே போதும். 1986 ஏப்ரலில் மண்டபம் முகாமில் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வளர்ந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர் பிறப்பால் இந்தியர் என்று சொல்லிப் பாஸ்போர்ட் கொடுக்க உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். 1983 ஜூலைக்கும் 1987 ஜூலைக்கும் இடையில் மட்டும் வந்து பதிவானவர்கள் 1,34,053 பேர் என்பது அரசுக் கணக்கு. அந்த நான்கு ஆண்டில் முகாம்களில் பிறந்தவர்கள் எத்தனையோ பேர், தாங்கள் ஏற்கெனவே இந்தியர் என்பது தெரியாமலே உதவித்தொகை வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்குத் தேவையான காகிதம் ஒன்றே ஒன்று, பிறப்புச் சான்றிதழ். அது அப்போது பதிவாகாமல் இருந்தால், ஓராண்டு தாண்டிய பதிவுக்குக் கோட்டாட்சியர் நிலையில் உத்தரவு வாங்க வேண்டும். பிறந்தது எந்த ஊரோ அந்த ஊரின் கோட்டாட்சியரிடம்தான் போக வேண்டும். மண்டபத்தில் பிறந்தவர் நாகர்கோவிலிலோ பத்மநாபபுரத்திலோ மனுக் கொடுத்தால் திரும்பித்தான் வரும்.

பழைய முகாம்ப் பதிவேட்டின் நகலை எப்படி எடுப்பது? தகவல் உரிமைச் சட்டம் குடிமக்களுக்கான சட்டம். முகாம்வாசி தன் பெயரில் போட்டால் அதைக் காட்டியே நிராகரிக்க முடியும். ஆகவே உங்கள் வீட்டுப் பெண்ணின் பெயரில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பியுங்கள். பையன் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தையும் சேருங்கள், இல்லையென்றால் 'மூன்றாம் நபர் தகவல்' என்று மறுப்பார்கள். முதலில் வந்திறங்கிய நாள், இறங்கிய இடம், முதல் முகாம், குடும்ப உறுப்பினர் விவரம் என்று நான்கையும் தனித்தனிக் கேள்வியாகக் கேளுங்கள். சென்னையில் மறுவாழ்வு ஆணையரகத்துக்கும் இங்கே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் தனித்தனியாகப் போடுவது நல்லது.

எந்தக் காகிதமும் கிடைக்கவில்லை, பெற்றோர் இருவரும் இலங்கையர்தான் என்று உறுதியாகிவிட்டால்? நிலைமை கடினம். மறைத்துச் சொல்வதில் பயன் இல்லை.

2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் அகதிகளுக்கெல்லாம் குடியுரிமை கொடுத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாட்டிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த ஆறு மதத்தவருக்கு மட்டும். இலங்கை அதில் இல்லை. மலையகத் தமிழர் சிலர் தொடுத்த வழக்கில் 2019-லும், முகாம்ப் பெற்றோருக்கு 1993-ல் திருச்சியில் பிறந்த ஒரு பெண்ணின் வழக்கில் 2022-லும் மதுரைக் கிளை பரிவோடு தீர்ப்புச் சொன்னது, மனுக்களைப் பரிசீலிக்கச் சொன்னது. பரிசீலிக்கச் சொல்வது வேறு, கொடுக்கச் சொல்வது வேறு. இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. அதே காரணத்துக்காகக் கடலைக் கடந்து ஓடிவந்தவர்களைப் பார்த்து 'உங்கள் நாடு பட்டியலில் இல்லை' என்று சொல்வதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதனோடு வந்த விலக்கு ஆணையில், 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்கான நடவடிக்கையிலிருந்து விலக்கு உண்டு. நல்ல செய்திதான், ஆனால் அது கைதிலிருந்து காப்பாற்றும் குடை. குடியுரிமைச் சட்டத்திலுள்ள 'சட்டவிரோதக் குடியேறி' என்ற சொல்லின் விளக்கத்தை அது தானாக மாற்றாது. இன்னொன்று, விலக்கு 'பதிவு செய்துகொண்ட'வர்களுக்கு. பதிவு போனால் குடையும் போகும். பையன் வேலைக்குக் களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குப் போகிறவர் என்றால், முகாமில் கணக்கெடுக்கிற நாளில் தவறாமல் வந்து நிற்கச் சொல்லுங்கள். தொடர்ந்து ஆள் இல்லையென்றால் பெயரை நீக்கிவிடுவார்கள், திரும்பச் சேர்ப்பதற்குச் சென்னை வரை நடக்க வேண்டும். கல்யாணமானதும் வெளியே வீடு எடுத்துத் தங்க விரும்பினாலும் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டுத்தான் நகர வேண்டும். சொல்லாமல் போகக் கூடாது.

கல்யாணம் செய்வதில் சட்டத் தடை எதுவும் இல்லை. எந்த முறையில் செய்தாலும் பதிவு செய்துவிடுங்கள். தமிழ்நாட்டுப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு அடுத்த 60 நாளுக்குள். சிறப்புத் திருமணச் சட்டத்தில் செய்வதானால் 30 நாள் முன்னறிவிப்பு. உங்கள் பெண்ணின் குடியுரிமை இந்தக் கல்யாணத்தால் போகாது. ஆனால் முகாம் அட்டையில் மனைவி என்று பெயர் சேர்க்கும்போது நாட்டுரிமை இடத்தில் 'இலங்கை' என்று விழுந்துவிடாமல் பார்த்து, நகல் வாங்கி வையுங்கள்.

இந்தியரை மணந்தவர் ஏழு ஆண்டு இங்கே வசித்தபின் பிரிவு 5(1)(இ)-ன் கீழ்ப் பதிவு மூலம் குடியுரிமை கேட்கலாம். படிவம் 3, இணையத்தில் நிரப்பி, அச்செடுத்து ஆவணங்களோடு மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்க வேண்டும். சட்டவிரோதக் குடியேறி இப்படிக் கேட்க முடியாது என்பதுதான் சிக்கல். இங்கேதான் உங்கள் மாப்பிள்ளைக்கும், படகில் வந்த இன்னொருவருக்கும் வித்தியாசம் வருகிறது. சட்டம் சொல்லும் விளக்கம், உரிய ஆவணமின்றி இந்தியாவுக்குள் 'நுழைந்த' வெளிநாட்டவர். இவர் எங்கிருந்தும் நுழையவில்லை, குமரி மாவட்டத்தில் பிறந்தவர். அரசு இந்த வாதத்தை எளிதாக ஏற்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வலுவான வாதம். மறுப்பு வந்தால் எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி மறுப்பை வைத்து மதுரைக் கிளைக்குப் போக முடியாது. வக்கீல் செலவுக்கு வழியில்லாதவர்கள் நாகர்கோவிலில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். இலவச சட்ட உதவி குடிமக்களுக்கு மட்டும் என்று அந்தச் சட்டத்தில் இல்லை. பெண்களும் குழந்தைகளும் இன வன்முறையால் பாதிக்கப்பட்டோரும் தகுதியானவர்கள்.

பிள்ளைகள் விஷயமும் இதே நூலில்தான் தொங்குகிறது. தாய் இந்தியர். தந்தை சட்டவிரோதக் குடியேறி அல்ல என்றால் பிள்ளை பிறப்பாலேயே இந்தியர். தந்தை படகில் வந்தவராக இருந்தால் பிள்ளைக்கு வழக்கு நிச்சயம். இங்கே பிறந்தவர் என்றால் வாதம் உங்கள் பக்கம். அதனால் மாப்பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ்தான் பேரப்பிள்ளைகளின் அடித்தளம். அதில் அப்பா பெயர் முகாம் அட்டையில் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி என்று இருந்தால் இப்போதே ஒன்றாக்குங்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழில் நாட்டினம் என்ற இடத்தில், எழுதியவர் பழக்கத்தில் 'இந்தியர்' என்று போட்டிருப்பார். அதை ஆதாரமாகக் காட்டி எங்கும் மனுப் போடாதீர்கள். முகாம்ப் பதிவோடு முரண்படும்போது, பொய் சொன்னதாக, முகாம்களைக் கண்காணிக்கும் தமிழகக் காவல்துறையின் கியூ பிரிவு விசாரணையில் அவர் தலையில்தான் விழும்.

ஆதாரும் அப்படித்தான். அது வசிப்பவருக்கான எண், குடியுரிமைக்குச் சான்று அல்ல என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அதை வைத்துப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்து, குடியுரிமைக் கட்டத்தில் 'இந்தியர்' என்று குறித்தால், கடவுச்சீட்டுச் சட்டம் பிரிவு 12(1ஏ)-ன்படி ஓராண்டுக்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை சிறை, 10,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். போலி ஆவணம் என்றால் மேலே சொன்ன 2025-ன் புதிய சட்டத்தில் இரண்டு முதல் ஏழாண்டு சிறை. ஒரு தடவை வழக்கு விழுந்தால் குடியுரிமை மனுவும் அதோடு கெடும். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்துத் தருகிறேன் என்று உள்ளூரில் யாராவது வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வீடு, நிலம் வாங்குவதாக இருந்தால் பெண்ணின் பெயரில் மட்டும் பத்திரம் போடுங்கள். இலங்கைக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதியின்றி இந்தியாவில் அசையாச் சொத்து வாங்க முடியாது. ஐந்தாண்டுக்கு மேற்படாத குத்தகை மட்டும் எடுக்கலாம்.

கடைசியாக ஏஜெண்ட். சட்டப்படி வெளிநாடு போக அவருக்கு இருக்கும் வழி, இலங்கைக் குடியுரிமையைப் பதிவு செய்து, அந்நாட்டுப் பாஸ்போர்ட் வாங்கி, இந்திய அரசின் வெளியேறும் அனுமதியோடு போவது. பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்று, திருமணச் சான்று கேட்பார்கள். போனால் முகாம்ப் பதிவு முடிந்தது, திரும்பி வர விசா வேண்டும். மனைவியும் பிள்ளையும் இங்கே இருக்கும்போது இதை நன்றாக யோசித்துத்தான் செய்ய வேண்டும். பெற்றோர் இலங்கைக்கே திரும்ப நினைத்தாலும் அவசரம் வேண்டாம். 2025 மே மாதம் ஐ.நா. அகதிகள் அமைப்பின் ஏற்பாட்டில் முறையாகத் திரும்பிய ஒரு முதியவரை, அன்று போர்க்காலத்தில் அனுமதியில்லாத வழியில் நாட்டைவிட்டுப் போனார் என்று பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். கண்டனம் எழுந்தபின் விட்டார்கள்.

படகு என்றால் பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். இங்கிருந்து ஆஸ்திரேலியாவின் கிறிஸ்துமஸ் தீவு 3,500 கிலோமீட்டருக்கும் மேல். குளச்சலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ விசைப்படகு ஓட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், கரைக்கடலுக்குக் கட்டிய படகில் அத்தனை பேரையும் ஏற்றி அவ்வளவு தூரத்துக்கு டீசலும் குடிநீரும் எங்கே வைப்பது என்று அவர்களே கேட்பார்கள். சேர்ந்தாலும் இடம் இல்லை. படகில் வருகிறவர் யாரையும் தன் நாட்டில் குடியமர்த்துவதில்லை என்று 2013 ஜூலையில் ஆஸ்திரேலியா அறிவித்தது. 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து கிளம்பிய 157 தமிழர்களை, குழந்தைகள் உட்பட, ஏறத்தாழ ஒரு மாதம் கப்பலிலேயே அடைத்து வைத்து, பின்னர் நவ்ரு தீவுக்கு அனுப்பியது. கனடா போகக் கிளம்பிய இன்னொரு படகு 2021 அக்டோபரில் இங்கிருந்து தெற்கே 1,800 கிலோமீட்டர் அளவில் உள்ள டியேகோ கார்சியா என்ற ராணுவத் தீவில் கரைசேர்ந்தது. வேலி போட்ட கூடாரத்தில் மூன்று ஆண்டு கழிந்தது. 2024 டிசம்பரில்தான் அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று அந்தத் தீவுக்கான நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீங்கள் தொலைக்காட்சியில் பார்க்கும் சுவர் தரையில் நிற்கிறது. கடலில் வருகிறவர்களுக்குப் பணக்கார நாடுகள் கட்டியிருக்கும் சுவர் இப்படிப்பட்ட தீவுகள்தான்.

ஏஜெண்டுக்குக் கொடுக்க வைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கு போதும் இந்தக் காகித வேலைகளுக்கு. பையனின் பெற்றோரிடம் தோட்டத்தின் பெயரைக் கேட்டுவிட்டு, தாத்தாவின் பெயரும் பாஸ்போர்ட் பற்றித் தெரிந்ததும் எழுதுங்கள். அதைப் பார்த்தபின் எந்த மனுவை முதலில் போடுவது என்று சொல்கிறேன்.